கடற்கரை முதல் பனிமுகடு வரை: ஈக்வடாரில் உயரமும் வெப்பநிலையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஈக்வடாரின் துறைமுக நகரமான குவாயாகில் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. தலைநகர் கித்தோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். குவாயாகில் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி தெற்கே. கித்தோ ஏறக்குறைய கோட்டின் மேலேயே. ஆண்டு முழுவதும் இரண்டு ஊரிலும் பகல் பொழுது 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். நண்பகல் சூரியன் உச்சந்தலையை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆனால் குவாயாகிலின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ். கித்தோவிலோ 14, 15 டிகிரிதான்.

உயரம் ஓர் இடத்தின் தட்பவெப்பத்தை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. வேறு பல இடங்களில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் உயரத்தோடு சேர்ந்து அட்சரேகையும் மாறும், பருவமும் குறுக்கே வரும். எது உயரத்தின் வேலை, எது மற்றதன் வேலை என்று பிரிப்பது கடினம். இங்கே சூரியன் ஒன்று, பகல் ஒன்று. பெரிதாக மாறுவது உயரம்தான்.

பாடநூல்கள் சொல்லும் விதி எல்லோருக்கும் தெரிந்ததே: 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். அந்த விதிப்படி கித்தோ, குவாயாகிலைவிட 18.5 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அதாவது சராசரி 7 அல்லது 8 டிகிரி. உண்மையான வித்தியாசமோ 11, 12 டிகிரிதான். நடுவில் ஏழு டிகிரி காணாமல் போகிறது. அளவுக் கருவியின் பிழை என்று சொல்லித் தள்ளிவிட முடியாத அளவு இது. இந்த ஏழு டிகிரி எங்கே போயிற்று என்று தேடுவதுதான், என் பார்வையில், உயரத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நேரான வழி.

மேலே போனால் ஏன் குளிர்கிறது

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உயரே போகப் போகச் சூரியனுக்கு அருகில்தானே போகிறோம், அப்படியானால் சூடு கூட வேண்டாமா என்ற கேள்வி வகுப்பறைகளில் தவறாமல் எழும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஈக்வடாரிலேயே நிற்கிறது. சிம்பொராசோ எரிமலையின் உயரம் சுமார் 6,263 மீட்டர். எவரெஸ்டைவிட ஏறக்குறைய 2,600 மீட்டர் குறைவு. ஆனால் பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்பொராசோவின் முகடுதான் மிகத் தொலைவில் இருக்கிறது: சுமார் 6,384 கிலோமீட்டர், எவரெஸ்டைவிட இரண்டு கிலோமீட்டர் அதிகம். தரையில் நின்றபடி விண்வெளிப் பக்கம் இதற்கு மேல் நெருங்க முடியாது. அந்த முகடு முழுக்கப் பனி. 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியனுக்கு ஆறு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் சூரியன் நேரடியாக அல்ல, தரைதான். வெயிலில் பெரும்பங்கு காற்றைக் கடந்து வந்து தரையில் உறிஞ்சப்படுகிறது. தரை அந்த வெப்பத்தைத் தொடுகையாலும், நீராவியாலும், அகச்சிவப்புக் கதிராலும் மேலே அனுப்புகிறது. சூடான காற்று மேலெழும்போது அதன் மீதான அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் விரிவடைகிறது, விரிவதற்குத் தன் சொந்த ஆற்றலையே செலவிடுகிறது, அதனால் குளிர்கிறது. வெளியிலிருந்து யாரும் அதன் வெப்பத்தை எடுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். ஈரம் திவலையாக மாறாதவரை இப்படி எழும் காற்று 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1,013 மில்லிபார். கித்தோவில் 720 அளவில். சுமார் 5,500 மீட்டரில் கடல் மட்டத்தில் இருந்ததில் பாதி. கித்தோவில் தண்ணீர் 90, 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்று மெலிவதோடு அதிலுள்ள நீராவி இன்னும் வேகமாகக் குறைகிறது. தரையிலிருந்து தப்பும் அகச்சிவப்புக் கதிரைப் பிடித்து வைக்கும் போர்வையில் பெரும்பங்கு நீராவிதான். அது மெலிந்தால் பகலில் வெயில் சுள்ளென்று விழும், இரவில் வெப்பம் தடையில்லாமல் வெளியேறும். உயரமான ஊர்களில் குளிராக இருக்கும்போதே தோல் கருகுவது இதன் மறுபக்கம்: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடுகிறது.

காணாமல் போன ஏழு டிகிரி

6.5 என்பது உலக முழுமைக்குமான சராசரி. துருவத்தின் உலர்ந்த காற்று, பாலைவனக் காற்று, கடல் மேல் நிற்கும் ஈரக் காற்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண். தரநிலை வளிமண்டலம் என்று விமானப் போக்குவரத்துக்காக வகுத்துக்கொண்ட கணக்கிலும் இதே எண்தான் இருக்கிறது. விமானத்துக்கு அது போதும். ஒரு குறிப்பிட்ட மலைச்சரிவுக்கு அதை அப்படியே பொருத்துவதில்தான் சிக்கல்.

வெப்பமண்டலக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்று மேலெழுந்து குளிரும்போது நீராவி திவலையாகிறது. அப்போது நீராவிக்குள் பொதிந்திருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுக் காற்றையே மீண்டும் சற்றுச் சூடாக்குகிறது. ஆகவே மேகத்துக்குள் எழும் காற்று உலர் காற்றைப் போல் 9.8 டிகிரி குளிர்வதில்லை. தாழ்நிலச் சூட்டில் 1,000 மீட்டருக்கு 4 டிகிரி, உயரே போகப் போக 5, 6 டிகிரி என்றுதான் குளிர்கிறது. இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் கடல் மட்டச் சராசரி சுமார் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 6.5 விதிப்படி சுமார் 4,150 மீட்டரிலேயே உறைநிலை வந்துவிட வேண்டும். உண்மையில் இப்பகுதியில் உறைநிலை 4,900 மீட்டரை ஒட்டித்தான் வருகிறது. அதிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் 1,000 மீட்டருக்குச் சுமார் 5.5 டிகிரி. அந்த வீதத்தில் கித்தோவின் உயரத்துக்கு 15.7 டிகிரிதான் குறைய வேண்டும், 18.5 அல்ல. ஏழில் மூன்று டிகிரி கிடைத்துவிட்டது.

இன்னொரு டிகிரி குவாயாகில் பக்கம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கி வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கடற்கரையைக் குளிர்விக்கிறது. மே முதல் நவம்பர் வரை அங்கே மந்தாரமும் மிதமான சூடும்தான். நிலநடுக்கோட்டுத் தாழ்நிலத்துக்கு இருக்க வேண்டிய சூட்டைவிட அந்த ஊரே சற்றுக் குறைவாக இருக்கிறது. அளவுகோலின் அடிமுனையே கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

மீதி மூன்று டிகிரிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2,850 மீட்டர் உயரத்தில், தரையை எதுவும் தொடாமல் மிதக்கும் காற்றின் சராசரி 11 டிகிரிக்கு மேல் அதிகம் போகாது. கித்தோவோ அதே உயரத்தில் ஒரு கூர்முனையில் அல்ல, கிழக்கு மேற்கு என இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் உயர்ந்த பள்ளத்தாக்கில் அமர்ந்திருக்கிறது. அங்கே அகன்ற தரை இருக்கிறது. மெலிந்த காற்றைத் துளைத்து விழும் வெயிலை அது வாங்கி, தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சமவெளியில் நடக்கும் அதே வேலை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது. இதனால்தான் பெரிய மலைத்திரளின் நடுவில் உள்ள இடம், தனியாக நிற்கும் சிகரத்தில் அதே உயரத்தில் உள்ள இடத்தைவிட வெப்பமாக இருக்கும். மர எல்லையும் பனி எல்லையும் மேலே தள்ளிப்போகும். திபெத்தியப் பீடபூமியிலும் ஆல்ப்ஸின் உட்பகுதியிலும் இதே போக்கைக் காணலாம். நகரத்தின் கட்டடமும் தார்ச்சாலையும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கின்றன.

மூன்று, ஒன்று, மூன்று. இவை தோராயமான பங்கீடுதான். தசம இலக்கத்தில் பிரிக்கக் கூடியவை அல்ல. ஆனால் ஓர் இடத்தின் உயரத்தை மட்டும் வைத்து அதன் வெப்பநிலையைச் சொன்னால் எவ்வளவு தவறும் என்பதற்கு இந்த ஏழு டிகிரி போதும். ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசத்துக்குச் சமமான பிழை அது.

சராசரி ஒன்று, பருவம் வேறு

கித்தோவின் ஆண்டுச் சராசரியும் நியூயார்க்கின் ஆண்டுச் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே; ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் நியூயார்க்கில் ஜனவரிச் சராசரி உறைநிலையை ஒட்டி இருக்கும், ஜூலைச் சராசரி 25 டிகிரி. கித்தோவில் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் ஒரு டிகிரி அளவுதான் இடைவெளி. மழை உள்ள மாதம், மழை குறைந்த மாதம் என்ற வேறுபாடு உண்டு. கோடை, குளிர்காலம் என்பது கிடையாது. ‘உயரே போவது துருவத்தை நோக்கிப் போவது போல’ என்று பல நூல்களில் எழுதியிருப்பார்கள். அந்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. உயரம் வெப்பத்தைத்தான் குறைக்கும், பருவங்களைக் கொண்டுவராது. பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் சாய்வும் அட்சரேகையும். மலை ஏறுபவர் அவற்றை விட்டு விலகுவதே இல்லை.

பருவம் இல்லாத இடத்தில் மாற்றம் முழுவதும் ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிறது. கித்தோவில் பிற்பகலில் 20 டிகிரி, விடியற்காலையில் 9 அல்லது 10. மர எல்லைக்கும் பனிக்கும் இடையிலுள்ள பாராமோ புல்வெளிகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமை. அங்கே ஆண்டின் எந்த மாதத்திலும் இரவில் உறைபனி விழலாம். எந்த மாதத்திலும் நண்பகலில் வெயில் சுடலாம். நடுஅட்சரேகை மலைச் செடி ஆண்டுக்கு ஒரு முறை குளிருக்குத் தயாராகிறது. வேனிலில் நிம்மதியாக வளர்கிறது. பாராமோச் செடிக்கு அந்த ஓய்வு இல்லை. தினமும் உறைந்து தினமும் உருக வேண்டும்.

வடக்கு ஈக்வடாரின் எல் ஆன்கெல் பகுதியில் வளரும் எஸ்பெலெட்டியா என்ற பாராமோச் செடியை அருகில் போய்ப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஆளுயரத் தண்டு, உச்சியில் வெண்மையான ரோமம் படர்ந்த தடித்த இலைகள் சுருளாக நிற்கும். காய்ந்த இலைகள் உதிர்வதில்லை. தண்டைச் சுற்றித் தொங்கி, கையளவு தடிமனில் உறையாகிவிடும். இரவில் தண்டுக்குள் இருக்கும் நீர் உறையாமல் இருக்க அந்த உறைதான் காவல். அதை உரித்துவிட்டால் காலை வெயில் வரும்போது இலைக்குத் தண்ணீர் ஏறாது. செடி மெல்ல வாடும். உச்சியிலுள்ள இளம் இலைகள் இரவில் உள்நோக்கி மடிந்து மொட்டை மூடிக்கொள்ளும். தினசரிக் குளிரின் தட்பவெப்பத்தை எந்த வெப்பமானியையும்விட இந்தச் செடி தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

மர எல்லைக்கும் இதோடு தொடர்பு உண்டு. உலகின் பல மலைகளை ஒப்பிட்டதில், வளரும் பருவத்தின் சராசரி 6, 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் காடு நின்றுவிடுவது தெரியவந்திருக்கிறது. நடுஅட்சரேகையில் அது சில மாதங்களின் சராசரி. இங்கே ஆண்டு முழுவதும் வளரும் பருவம் என்பதால் ஆண்டுச் சராசரியே அது.

ஒரே உயரம், இரண்டு பக்கம்

வெப்பநிலையோடு மழையும் சேர்ந்தால்தான் தட்பவெப்பம் முழுமையாகும். மழை விஷயத்தில் உயரத்தைவிட மலை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே பெரிய கேள்வி. கிழக்கே அமேசான் சமவெளியின் விளிம்பில், சுமார் 950 மீட்டரில் இருக்கும் புயோவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அங்கிருந்து மேற்கே கிழக்குத் தொடரைத் தாண்டினால் 2,750 மீட்டரில் ரியோபாம்பா. அங்கே 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். இடையில் நிற்பது ஒரே ஒரு மலைத்தொடர்.

அதன் வழிமுறையை எண்களால் பார்க்கலாம். புயோவில் 22 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒன்று புறப்படுகிறது என்போம். ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மேகம் உருவாகிவிடும். அதன்பின் 1,000 மீட்டருக்குச் சுமார் 5.5 டிகிரி வீதம் குளிர்ந்து, 4,000 மீட்டர் முகட்டில் ஏறக்குறைய 5 டிகிரி ஆகும். வழியெல்லாம் மழையைக் கொட்டிவிட்டது. மறுபக்கம் இறங்கும்போது அதில் திவலை இல்லை. உலர்ந்த காற்றாக 9.8 டிகிரி வீதம் சூடாகிறது. 2,750 மீட்டருக்கு வரும்போது 17 டிகிரியைத் தாண்டிவிடும். அதே காற்று மலையைத் தாண்டாமல் கிழக்குச் சரிவிலேயே 2,750 மீட்டரில் நின்றிருந்தால் 12 டிகிரிதான். உயரம் ஒன்றுதான். ஒரு பக்கம் குளிர்ந்த மேகக்காடு, மறு பக்கம் ஐந்து டிகிரி கூடுதல் சூடும் வறட்சியும். ஆல்ப்ஸில் வீசும் ஃபோன் காற்றும் ராக்கி மலையின் சினூக் காற்றும் இந்த வழியில்தான் பனியை ஒரே நாளில் கரைக்கின்றன.

சிம்பொராசோவிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. அதன் மேற்குச் சரிவில் 4,000 மீட்டருக்கு மேலே அரெனால் என்ற மணல்வெளி இருக்கிறது. எரிமலைச் சாம்பலும் மணலும் சில புல் திட்டுகளும்தான் அங்கே. கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை மலையே தடுத்துவிடுகிறது. ஈரம் படும் பக்கத்தில் பனியாறுகள் இன்னும் கீழே வரை இறங்கி நிற்கின்றன. வெப்பநிலை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் பனியின் எல்லை ஒன்றாக இல்லை, ஏனென்றால் பனியாற்றுக்குக் குளிர் மட்டும் போதாது, விழுவதற்கு வெண்பனியும் வேண்டும்.

விதி முழுவதுமாகத் தலைகீழாகும் இடங்களும் உண்டு. காற்று அடங்கிய தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அப்போது பள்ளம் சரிவைவிடக் குளிராகிவிடும். ஆஸ்திரியாவின் லுன்ஸ் ஊருக்கு அருகே க்ரூன்லோக் என்ற குழிவு, சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே மைனஸ் 52.6 டிகிரி பதிவாயிற்று. அதே நாட்டில் 3,106 மீட்டர் உயர சோன்பிளிக் சிகரத்தின் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான குறைந்த அளவு மைனஸ் 37.4. உயரத்தில் 1,800 மீட்டர் தாழ்ந்த குழி, சிகரத்தைவிட 15 டிகிரி குளிர்ந்திருக்கிறது. ஆண்டிஸ் பள்ளத்தாக்குகளிலும் உறைபனி முதலில் தாக்குவது அடித்தளத்து வயலைத்தான். சற்று மேலே உள்ள சரிவு தப்பிவிடும். ஆண்டுச் சராசரியில் இது கண்ணுக்கே தெரியாது. பயிர் வைப்பவருக்கோ சராசரியால் பயன் இல்லை, அந்த ஓர் இரவுதான் முக்கியம்.

ஹம்போல்ட் வரைந்த மலை

1802 ஜூன் 23 அன்று ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், அவருடன் பயணித்த எய்மே பொன்பிளான், கார்லோஸ் மொந்துஃபார் ஆகியோர் சிம்பொராசோவில் ஏறினார்கள். முகட்டை எட்டவில்லை, ஆனால் காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு 5,800 மீட்டருக்கும் மேல் சென்றதாக ஹம்போல்ட் பதிவு செய்தார். 1807-இல் அவர் வெளியிட்ட வரைபடம் மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டி, எந்த உயரத்தில் எந்தச் செடி, என்ன வெப்பநிலை, என்ன அழுத்தம் என்று அருகருகே எழுதியது. உயரமும் தட்பவெப்பமும் உயிரும் ஒரே படத்தில் சேர்ந்த முதல் பெரிய முயற்சி அது. இன்றும் அதைப் பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

210 ஆண்டுகள் கழித்து, 2012-இல் ஓர் ஆய்வுக் குழு சிம்பொராசோவில் மீண்டும் செடிகளின் உயரத்தை அளந்தது. 2015-இல் வெளியான முடிவு: தாவர எல்லைகள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கின்றன. பூக்கும் செடிகளின் மேல் எல்லை 4,600 மீட்டரிலிருந்து 5,185 மீட்டருக்குச் சென்றிருந்தது. உலகெங்கும் பேசப்பட்ட எண் இது. ஆனால் 2019-இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் குறிப்புகளையும் அவர் சேகரித்த செடிகளையும் மறுபடி ஆராய்ந்தது. அந்த வரைபடத்தின் மேல்மட்டத் தாவரத் தகவல் பெரும்பாலும் சிம்பொராசோவில் எடுத்ததே அல்ல, கித்தோவுக்குத் தென்கிழக்கே உள்ள ஆன்டிசானா எரிமலையில் எடுத்தது என்று காட்டியது. ஆன்டிசானாவிலேயே போய் ஒப்பிட்டபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் வரைதான்.

ஆன்டிசானா கிழக்குத் தொடரில், அமேசான் ஈரத்தின் முன்வாசலில் நிற்கிறது. சிம்பொராசோ மேற்குத் தொடரில், வறண்ட பக்கத்தோடு. ஒரு மலையின் எல்லைக் கோட்டை இன்னொரு மலையின் எல்லைக் கோட்டோடு வைத்துப் பார்த்தால், காலத்தின் மாற்றமும் இடத்தின் வேறுபாடும் கலந்துவிடும். திருத்திய எண்ணை இந்த ஆய்வின் 5.5 டிகிரி வீதத்தில் மாற்றினால் 1.2 முதல் 1.5 டிகிரி வரை வெப்ப உயர்வுக்குச் சமம். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகம் சூடேறியிருக்கும் அளவோடு இது ஒத்துப்போகிறது. 500 மீட்டருக்கோ 2.7 டிகிரிக்கும் மேல் வேண்டியிருந்திருக்கும்.

பனி இன்னும் வேகமாகப் பின்வாங்குகிறது. 1986-க்கும் 2013-க்கும் இடையே சிம்பொராசோவின் பனிப்பரப்பு 21 விழுக்காடு சுருங்கியது. பாறைத்துகள் மூடாத தூய பனியின் கீழ் எல்லை சராசரியாக 180 மீட்டர் மேலேறியது. செடிகள் இரண்டு நூற்றாண்டில் ஏறிய தொலைவுக்கு நெருங்கிய தொலைவைப் பனி 27 ஆண்டில் கடந்திருக்கிறது. பனி விலகிய இடத்தில் உடனே செடி முளைப்பதில்லை. அங்கே இருப்பது பாறையும் தளர்ந்த எரிமலைச் சாம்பலும்தான். மண் உருவாகி, ஈரம் தங்கி, விதை வந்து சேர வேண்டும். வெப்பநிலைக் கோடு மேலே போய்விட்டது, உயிரின் கோடு அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது அளக்க வேண்டியது இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் திறந்து கிடக்கும் அந்த வெற்றுப் பட்டையைத்தான்; அதையும் மலைக்கு மலை, பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக.